அயல்நாட்டுப் பணித்தளத்தில் குடும்பத்தின் உடல்நலமும் வாழ்வும்

மிஷனெரிப் பணியின் வரலாறு பெருமளவுக்கு நோயின் வரலாறாகவும் இருக்கிறது. தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு 1719-இல் தம் 36-ஆம் வயதிலேயே காலமானார். வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்கு வந்து சேர்ந்த மறு ஆண்டிலேயே அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பினால் இறந்தான். டேவிட் லிவிங்ஸ்டனின் மனைவி மேரி 1862-இல் சாம்பெசி ஆற்றங்கரையிலுள்ள சுபாங்கா என்னும் ஊரில் மலேரியாவுக்குப் பலியானார். கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாதில் கண்டறிந்தது 1897-இல்தான் என்பதால், அதற்கு முற்பட்ட மிஷனெரிகள் தங்களைத் தாக்கிய நோய் எங்கிருந்து வருகிறது என்பதையே அறியாமல் மடிந்தார்கள். இன்று பணித்தளத்துக்குச் செல்லும் குடும்பம் அத்தகைய அறியாமையில் இல்லை. பணித்தளத்தில் உயிரைப் பறிக்கும் நோய்களிலும் விபத்துகளிலும் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. அவற்றைத் தடுக்கும் வழிகளும் தெரிந்தவை. தெரிந்ததை வீட்டின் அன்றாட ஒழுங்காக மாற்றுவதும், ஆபத்து வேளையில் எடுக்க வேண்டிய முடிவுகளை ஆபத்து வருவதற்கு முன்பே எடுத்து வைப்பதும்தான் எஞ்சியிருக்கும் பணி.

இந்த அத்தியாயம் தமிழ்நாட்டிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அதை அடுத்துள்ள நாடுகளுக்கும் செல்லும் குடும்பங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. வெப்பம், கொசு, மழைக்காலம் ஆகியவை தமிழ்க் குடும்பத்துக்குப் பழகியவை என்பதால், கென்யாவோ உகாண்டாவோ தான்சானியாவோ மலாவியோ உடல்நலத்தைப் பொறுத்தவரை பெரிய மாற்றமாக இராது என்ற எண்ணம் எளிதில் தோன்றும். ஊரிலிருந்து கொண்டுசெல்லும் இந்தத் துணிவே முதலில் களைய வேண்டியது. காரணம், அங்குள்ள மலேரியா வகை வேறு, பாம்பு வகை வேறு, மருத்துவமனைக்குச் செல்லும் தொலைவும் வேறு.

புறப்படுவதற்கு முன்

பயணத்துக்குக் குறைந்தது எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவ ஆயத்தத்தைத் தொடங்க வேண்டும். சில தடுப்பூசிகளை இடைவெளி விட்டுப் பல தவணைகளாகப் போட வேண்டியிருப்பதும், ஒரு மருந்து ஒருவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை ஊரில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டியிருப்பதும் இதற்குக் காரணங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் முழு உடற்பரிசோதனையும் பல் மருத்துவமும் முடிந்திருக்க வேண்டும். இரத்த வகை, ஒவ்வாமை, நீரிழிவு, இரத்த அழுத்தம், முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை ஒரே கோப்பில் எழுதி, அதன் படியொன்றை அனுப்பும் சபையிடமும் கொடுக்க வேண்டும். தொடர்ந்து உண்ணும் மருந்துகளை வணிகப் பெயரால் குறிக்காமல் மருந்தின் பொதுப்பெயரால் குறிப்பது நல்லது. இந்தியாவின் வணிகப் பெயர்கள் அங்குள்ள மருந்தாளருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தாழ்ந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் விற்கப்படும் மருந்துப் பொருள்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று தரக்குறைவானதாகவோ போலியாகவோ இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. ஆகவே முதல் சில மாதங்களுக்கான மருந்தை மருத்துவரின் சீட்டோடு கையில் எடுத்துச் செல்வதும், பின்னர் நம்பகமான மிஷன் மருத்துவமனையின் மருந்தகத்தில் வாங்குவதும் பாதுகாப்பானவை.

தடுப்பூசிகளில் மஞ்சள் காய்ச்சலுக்கானது சட்டத்தோடும் தொடர்புடையது. இது ஏடிஸ் கொசுவால் பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய். அந்தக் கொசு இந்தியாவெங்கும் இருப்பதால், நோய் நாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதில் இந்திய அரசு கண்டிப்பாக இருக்கிறது. நோயுள்ள நாடாகப் பட்டியலிடப்பட்ட நாடொன்றிலிருந்து உரிய சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவர் ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும்; ஆனால் 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் செல்லும். சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே இதைப் போட்டுக்கொள்ள முடியும். இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி என்பதால் கைக்குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், 60 வயதைக் கடந்தவர், நோயெதிர்ப்பு குறைந்தவர், முட்டை ஒவ்வாமை உள்ளவர் ஆகியோரைப் பற்றி மையத்தின் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி முடிவெடுக்க வேண்டும்.

டைபாய்டு, ஈரல் அழற்சி, தட்டம்மை, டெட்டனஸ் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும், செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் மூளைக்காய்ச்சல் மண்டலத்துக்குச் செல்வோருக்கு அந்நோய்க்கான தடுப்பூசியும் குடும்பத்தின் தேவைக்கேற்பச் சேரும். பலர் தவிர்த்துவிடுவது வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசி. முதல் நாளும் ஏழாம் நாளும் இரண்டு தவணைகள் போட்டிருந்தால், பின்னர் நாய் கடிக்க நேரும்போது கிராமப்புறத்தில் கிடைப்பதற்கு அரிதான இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. மேலும் இரண்டு தவணைத் தடுப்பூசி போதும். தெருவில் விளையாடும் பிள்ளைகள் நாய் பிறாண்டியதை வீட்டில் சொல்லாமல் மறைப்பதுண்டு என்பதால், இந்தத் தடுப்பூசி பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே முதன்மையானது.

மலேரியா: முதற்பெரும் ஆபத்து

தமிழ்நாட்டில் மலேரியா என்று அறியப்படுவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்னும் ஒட்டுண்ணியால் வரும் வகை. அது உடலை வாட்டினாலும் உயிரைப் பறிப்பது குறைவு. ஆப்பிரிக்காவில் மிகுந்திருப்பது ஃபால்சிபாரம் என்னும் வகை. இது இரத்தச் சிவப்பணுக்களை மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளச் செய்வதால், காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாள்களிலேயே நோயாளி நினைவிழக்கும் நிலைக்குச் செல்லக்கூடும். அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் மீண்டும் மீண்டும் நோய் கண்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பதால், அண்டை வீட்டார் மலேரியாவைச் சளிக்காய்ச்சலைப் போல எளிதாகப் பேசுவதைப் புதிதாக வந்த குடும்பம் கேட்கும். அந்த எளிமை எதிர்ப்பாற்றல் இல்லாத புதியவர்களுக்குப் பொருந்தாது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. மலேரியாவால் ஆப்பிரிக்காவில் இறப்போரில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளே. நைரோபி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. அதே குடும்பம் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமுவுக்கு ஒரு வாரக் கூட்டத்துக்குச் சென்றால் ஆபத்து பன்மடங்காகும். ஆகவே நாட்டின் பெயரைக் கொண்டு ஆபத்தை அளக்காமல், தங்கும் ஊரையும் பயணம் செய்யும் ஊர்களையும் கொண்டு அளக்க வேண்டும்.

தடுப்பு மூன்று அடுக்குகளாக அமைய வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால், மருந்தேற்றிய கொசுவலை முதல் அடுக்காகும். வலையின் ஓரத்தைப் பொழுது சாய்வதற்கு முன்பே மெத்தைக்கடியில் செருகிவிட வேண்டும். குழந்தையின் கையோ காலோ வலையை ஒட்டிக்கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும் என்பதால் வலை அகலமாக இருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றாண்டுகளிலோ இருபது துவைப்புகளிலோ மருந்தின் வீரியம் தேய்ந்துவிடும் என்பதால், வாங்கிய நாளை வலையின் ஓரத்திலேயே எழுதி வைப்பது நல்ல வழக்கம். மாலையில் முழுக்கைச் சட்டை அணிவதும், சன்னல்களுக்குக் கம்பிவலை அடிப்பதும், தோலில் டீட் கலந்த பூச்சுமருந்து தடவுவதும் இரண்டாம் அடுக்கு.

மூன்றாம் அடுக்கு தடுப்பு மாத்திரை. பழைய குளோரோகுயினுக்கு ஆப்பிரிக்காவின் ஃபால்சிபாரம் கட்டுப்படுவதில்லை என்பதால் மூன்று மருந்துகள் இன்று வழக்கிலுள்ளன. அட்டோவாகுவோன், புரோகுவானில் இரண்டும் சேர்ந்த மாத்திரையை ஆபத்துள்ள ஊருக்குச் செல்வதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, அங்கே நாள்தோறும் உண்டு, ஊரை விட்டு வந்தபின் ஏழு நாள்கள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளினையும் நாள்தோறும் உண்ண வேண்டும், வந்தபின் நான்கு வாரங்கள் தொடர வேண்டும்; கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அது கூடாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒருமுறை உண்பது என்பதால் பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு எளிது. ஆனால் மனச்சோர்வோ வலிப்போ முன்பு கண்டவர்களுக்கு அது ஆகாது. அம்மருந்து மனத்தையும் நரம்பையும் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. இதனால் அதைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே தொடங்கி, தூக்கமும் மனநிலையும் மாறுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.

இவையெல்லாம் சரியாக நடந்தாலும் காய்ச்சல் வரக்கூடும். மலேரியா உள்ள ஊரில் கால் வைத்த ஏழாம் நாளுக்குப் பிறகு வரும் எந்தக் காய்ச்சலும், வேறென்று நிறுவப்படும்வரை மலேரியாவே என்ற விதியைக் குடும்பம் ஏற்றுக்கொள்ள வேண்டும். விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஏறத்தாழ இருபது நிமிடங்களில் முடிவு காட்டும் விரைவுப் பரிசோதனை அட்டைகளை வீட்டிலேயே வைத்திருக்கலாம். அன்றைக்கே பரிசோதிப்பதும், ஒட்டுண்ணி இல்லையென்று முடிவு வந்தாலும் காய்ச்சல் தணியாவிட்டால் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மறுபடி பரிசோதிப்பதும் வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் காய்ச்சலென்றதும் நிலவேம்புக் குடிநீரையோ பப்பாளி இலைச்சாற்றையோ கொடுத்து இரண்டு நாள் பார்க்கும் பழக்கம் உண்டு. ஃபால்சிபாரம் அந்த இரண்டு நாள்களைத் தருவதில்லை. ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், மூச்சுத்திணறல், மஞ்சள் பாய்ந்த கண்கள், கருத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவானாலும் மழையானாலும், ஆர்ட்டிசுனேட் ஊசி போடக்கூடிய மருத்துவமனைக்குப் புறப்பட்டாக வேண்டும். அந்த மருத்துவமனை எது, வண்டி யாருடையது, பணம் எங்கே இருக்கிறது என்பவற்றைக் குடியேறிய முதல் வாரத்திலேயே எழுதிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். மருத்துவமனைக்குப் பல மணிநேரப் பயணம் தேவைப்படும் ஊர்களில் வாழ்வோர், ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து ஒரு முழுச் சுற்றை மருத்துவரின் எழுத்து அறிவுரையோடு வீட்டில் வைத்திருப்பது பொருத்தம்.

கர்ப்பிணிகளை மலேரியா கடுமையாகத் தாக்கும். ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் தங்குவதால் தாய்க்குச் சோகையும் குழந்தைக்கு எடைக்குறைவும் நேரும். பேறுகாலம் பணித்தளத்திலா, தலைநகரிலா, தாய்வீட்டிலா என்ற முடிவை ஐந்தாம் மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பல விமான நிறுவனங்கள் 36 வாரங்களுக்குப் பின் கர்ப்பிணிகளை ஏற்றிக்கொள்வதில்லை.

நீர், உணவு, துணி

குடிநீரை நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் மூன்று நிமிடமும் கொதிக்க வைத்தால் போதும். பல் துலக்கும் நீரும் பனிக்கட்டியும் அதே நீரால் ஆனவையாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது கிருமியைவிட நீரிழப்பே என்பதால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாத வேளையில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் விளிம்பு மட்டத்துக்குத் தட்டி அளந்து, கலந்து கொடுக்க வேண்டும். உப்பு மிகுந்தால் அதுவே தீங்காகும். உடன் துத்தநாக மாத்திரையைப் பத்து முதல் பதினான்கு நாள்கள் கொடுப்பது அடுத்த முறை நோய் வருவதையும் குறைக்கும். மலத்தில் இரத்தம் கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உணவில் பெரிய இடர்ப்பாடு இராது; மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி நம் களியைப் போன்றது, இந்தியர் பல தலைமுறைகளாக வாழும் நகரங்களில் அரிசியும் பருப்பும் கிடைக்கும்.

தமிழ்க் குடும்பம் அறியாத இரண்டு ஆபத்துகளைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, ஏரிக் குளியல். விக்டோரியா ஏரியிலும் மலாவி ஏரியிலும் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து வெளிப்படும் நுண்புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்று சிறுநீர்ப்பையையோ குடலையோ ஈரலையோ நாளடைவில் கெடுக்கும். இந்நோய்க்குச் சிஸ்டோசோமியாசிஸ் என்று பெயர். கரையோர நாணற்பகுதிதான் நத்தையின் இருப்பிடம், பிள்ளைகள் விளையாட விரும்புவதும் அந்த இடத்தில்தான். ஏரிநீரை இரண்டு நாள் தொட்டியில் நிறுத்தி வைத்தால் புழு இறந்துவிடுமாதலால் அந்நீரில் குளிக்கலாம். நீரில் இறங்கியவர் இரண்டு மூன்று மாதங்களுக்குப்பின் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பிராசிகுவான்டெல் என்னும் மாத்திரையால் நோய் குணமாகும்.

இரண்டாவது, வெளியில் உலர்த்திய துணி. டும்பு ஈ எனப்படும் ஈ, நிழலில் ஈரமாகத் தொங்கும் துணியில் முட்டையிடும். அத்துணியை உடுத்தியதும் புழு தோலுக்குள் புகுந்து, ஒரு வாரத்துக்குமேல் வளர்ந்து, நடுவில் சிறு துளையுள்ள கட்டியாகத் தெரியும். உள்ளாடை, குழந்தையின் அணையாடை, படுக்கை விரிப்பு உட்பட அனைத்தையும் மடிப்பும் தையலும் விடாமல் இருபுறமும் சூடாக இஸ்திரி போட்டால் முட்டை அழிந்துவிடும். கட்டி வந்துவிட்டால் அதைக் கீறக் கூடாது. துளையின் மேல் வாசலினைத் தடிப்பாகப் பூசினால் மூச்சுக்காகப் புழு மேலே வரும்போது மெல்ல அழுத்தி எடுத்துவிடலாம்.

கடியும் சாலையும்

நாயோ குரங்கோ கடித்தால் முதலில் செய்ய வேண்டியது, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் காயத்தைக் கழுவுவது. அதன்பின் உடனே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். பாம்புக்கடியில் தமிழர் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. ஆப்பிரிக்காவின் பஃப் விரியனுக்கும் மாம்பாவுக்கும் அதை நம்ப முடியாது. ஆகவே அதை இங்கிருந்து வாங்கிச் செல்வது பயன் தராது. அப்பகுதிப் பாம்புகளுக்கான மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று விசாரித்து வைப்பதே பயன் தரும். கடிபட்டவரை அசையவிடாமல், இறுகக் கட்டாமல், காயத்தைக் கீறாமல் கொண்டுசெல்ல வேண்டும்.

நோய்களைப் பற்றிய அச்சம் மிகுதியாகவும் சாலையைப் பற்றிய அச்சம் குறைவாகவும் இருப்பது பொதுவான பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவுகளில் மக்கள்தொகை விகிதத்தின்படி சாலை விபத்து இறப்பு மிகுந்தது ஆப்பிரிக்கப் பகுதியே. இரவில் நெடுஞ்சாலைப் பயணம் இல்லை, இருக்கைப் பட்டை இல்லாத வண்டி இல்லை, போடா போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் பிள்ளைகள் ஏறுவதில்லை என்ற மூன்று விதிகளை, கூட்டம் எவ்வளவு அவசரமானாலும், குடும்பம் தளர்த்தக் கூடாது. இரத்தம் ஏற்ற நேரும்போது எச்.ஐ.வி. உள்ளிட்ட நோய்த்தொற்றைத் தவிர்க்க, உடன் ஊழியர்களின் இரத்த வகையையும் பட்டியலிட்டு வைப்பது பல மிஷன் மருத்துவமனைகளின் நடைமுறை. செவிலியராகவோ மருத்துவராகவோ பணியாற்றுபவர் நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசியால் குத்துப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை உடனே, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். தொலைவிலுள்ள தளங்களுக்கு, 1957 முதல் நைரோபியிலிருந்து இயங்கிவரும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையின் உறுப்பினர் திட்டம் போன்ற விமான மீட்புக் காப்பீடு இன்றியமையாதது.

மனநலம், துணைவர், பிள்ளைகள்

புதிய நாட்டுக்கு வந்தவர் முதலில் மகிழ்ந்து, சில மாதங்களில் எரிச்சலும் சோர்வும் அடைந்து, பின்னர் படிப்படியாகத் தேறுவதைக் கலாச்சார அதிர்ச்சி என்னும் பெயரால் கலர்வோ ஓபர்க் என்னும் மானிடவியலாளர் 1960-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். மிஷனெரிகளிடையே படிக்கப்பட்ட ஓர் ஆய்விதழில்தான் அக்கட்டுரை வெளிவந்தது. இந்தச் சோர்வை விசுவாசக் குறைவென்று எண்ணி மறைப்பது அதை நோயாக்கும். இரண்டு வாரங்களுக்குமேல் தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, ஜெபத்திலும் வேலையிலும் பற்றின்மை, உயிரை வெறுத்த பேச்சு ஆகியவை தொடர்ந்தால், அவற்றைக் காய்ச்சலுக்கு நிகரான மருத்துவத் தேவையாகக் கருத வேண்டும்.

இதில் பெரும்பாலும் மறக்கப்படுபவர் ஊழியரின் மனைவி. கேரியின் மனைவி டாரதி இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர். வற்புறுத்தலால் வந்தபின் மகன் பீட்டரை இழந்து, மனநோய்க்கு ஆளாகி, தேறாமலேயே 1807-இல் செராம்பூரில் இறந்தார். மனமுவந்த சம்மதத்தை இருவரிடமும் தனித்தனியே கேட்டறிவது அனுப்பும் சபையின் முதற்கடமை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. கணவருக்கு ஊழியமும் மொழி வகுப்பும் வெளிவட்டமும் இருக்க, மனைவிக்குச் சமையலறையும் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சும் ஏற்பாடு பல குடும்பங்களை உள்ளுக்குள் உடைக்கிறது. சுவாஹிலியோ செவாவோ லுகாண்டாவோ, அந்தந்த இடத்து மொழியை இருவரும் ஒரே காலத்தில் கற்பதற்கும், மனைவிக்கென்று ஒரு பொறுப்பும் நட்பும் அமைவதற்கும் முதலாண்டிலேயே வழிசெய்ய வேண்டும்.

பெற்றோரின் பண்பாட்டிலும் வாழும் நாட்டின் பண்பாட்டிலும் முழுமையாக வேரூன்றாமல் இரண்டுக்கும் இடையே வளரும் பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று குறிப்பிட்டவர் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்ததிலிருந்து அக்கருத்து பிறந்தது. மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளி நிறுவுவதே பழைய தீர்வாக இருந்தது. 1901-இல் கொடைக்கானலிலும் 1906-இல் கென்யாவின் கிஜாபேயிலும் அத்தகைய பள்ளிகள் தொடங்கப்பட்டன. விடுதியில் வளர்ந்து நிறைவாக வாழ்ந்தவர்களும் உண்டு, பிரிவால் காயப்பட்டவர்களும் உண்டு. சில மிஷனெரி விடுதிகளில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகள் பல்லாண்டுகளுக்குப் பின்னரே விசாரணைகளில் வெளிவந்தன. ஆகவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், முறைப்பாடு செய்ய விடுதிக்கு வெளியே ஒருவர் இருக்கிறாரா, பிள்ளை வாரந்தோறும் தனியாகப் பேச முடியுமா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். எந்தப் பள்ளியானாலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஊர் திரும்பியபின் பாட்டி தாத்தாவோடும் சபையோடும் உறவு இயல்பாக அமையும் என்பதால், வீட்டில் தமிழ்ப் பாடத்துக்கு நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குவது வீணாகாது.

திரும்புதலும் அனுப்பும் சபையின் பொறுப்பும்

விடுமுறைக்கு ஊர் திரும்பியபின் மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருப்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லி மலேரியாப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவர் டெங்கையே முதலில் நினைப்பது இயல்பு. உடற்பரிசோதனையோடு, ஊழியத்தைப் பற்றி அறிக்கை கேட்காத ஒருவரிடம் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேசுவதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

உலக சுவிசேஷ ஐக்கியத்தின் சார்பில் இந்தியா உட்பட 14 நாடுகளில் 1990-களில் நடந்த ஆய்வொன்று, மிஷனெரிகள் உரிய காலத்துக்கு முன் பணித்தளத்தை விட்டு வருவதற்குப் பிள்ளைகளின் தேவையும் உடல்நலக் குறைவும் சபையின் ஆதரவின்மையும் முக்கியக் காரணங்களாக இருப்பதை எடுத்துக்காட்டியது. இவை குடும்பம் தனித்துச் சுமக்கக்கூடியவை அல்ல. தடுப்பூசி, தடுப்பு மாத்திரை, காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை, பிள்ளைகளின் படிப்பு, அவசரப் பயணச்சீட்டு ஆகியவற்றுக்கான தொகை சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் பயணச்செலவுக்கு அடுத்த வரியாக இருக்க வேண்டும். நோயுற்றுத் திரும்பும் குடும்பத்தைத் தோற்றுத் திரும்பியவர்களாகப் பார்க்கும் சபையில், அடுத்த குடும்பம் தன் நோயை மறைக்கும். மறைக்கப்பட்ட நோய்தான் காலம் கடந்து கொல்கிறது. எனவே ஒரு குடும்பத்தை வழியனுப்பும் நாளிலேயே, எந்த நிலையில் திரும்பினாலும் வரவேற்கப்படுவார்கள் என்ற உறுதியைச் சபை எழுத்தில் கொடுக்க வேண்டும். காய்ச்சலையும் சோர்வையும் காலத்தில் சொல்லும் துணிவு அந்த உறுதியிலிருந்துதான் பிறக்கும்.